வல்விலங்கும் நிழற்படமும்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் விடுமுறை நாளின் நண்பகலில் மக்கள் மிகுதியாகக் கூடும் இடம் புலியின் இருப்பிடம் ஆகும். தடுப்பு வேலியை ஒட்டிக் கூட்டம் நெருங்கி நிற்கும். புலியோ மர நிழலில் படுத்து உறங்கும். கூட்டத்தார் அதனை உறங்க விடுவதில்லை. ஒருவர் கைதட்டுவார், ஒருவர் சீழ்க்கை அடிப்பார், மற்றொருவர் புலியைப் போலவே உறுமிக் காட்டுவார். பலர் கையிலும் கைப்பேசி உயர்ந்து நிற்கும். அவர்கள் வேண்டுவது ஒன்றே. புலி எழுந்து தங்களை நோக்கி வாயைப் பிளக்க வேண்டும். அதன் கோரைப் பற்கள் நான்கும் படத்தில் விழ வேண்டும். உறங்கும் புலியின் படத்தை வீட்டிற்குக் கொண்டு சென்றால் அதனை யார் மதிப்பர் என்பது அவர்கள் எண்ணம்.

அவ்வெண்ணமே படத்தைக் கெடுக்கிறது. புலியினிடத்தில் சீற்றத்தை மட்டும் தேடுவோர் புலியைக் காண்பதில்லை; தம் மனத்தில் முன்னமே வரைந்து வைத்த ஓர் உருவத்தையே தேடுகின்றனர். அவ்வுருவம் கிட்டாதபோது விலங்கைத் துன்புறுத்தியேனும் அதனைப் பெற முயல்கின்றனர். இதில் விலங்குக்கு நேரும் இன்னல் ஒருபுறம் இருக்க, கிடைக்கும் படமும் பெரும்பாலும் பொய்ப்படமாகவே அமைகின்றது. அஃது எவ்வாறு என்பதைக் காண்பதற்கு முன், சென்னையில் விலங்குகளைக் காணும் வழக்கம் வளர்ந்த முறையைச் சிறிது அறிதல் நன்று.

வடசென்னையைக் கடந்து மீஞ்சூருக்கு அணித்தாக உள்ள வள்ளூரிலிருந்து பள்ளி மாணவர் ஒருவர் நகரத்திற்குப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் பின்னே மறைய, எண்ணூரும் திருவொற்றியூரும் கடந்து, புறநகர் ரயில் சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் வளாகத்தில் வந்து நிற்கும். 1985ஆம் ஆண்டு தீக்கு இரையான மூர் மார்க்கெட் என்னும் பழைய அங்காடி இருந்த இடம் அது. அதனை அடுத்த பரந்த நிலப்பகுதிக்கு ஒரு காலத்தில் மக்கள் பூங்கா என்று பெயர். அப்பூங்காவில்தான் சென்னையின் பழைய விலங்குக் காட்சிச்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

அக்காட்சிச்சாலையின் தொடக்கம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிகழ்ந்தது. அதன் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரண்டு வருவதைக் கண்டார். ஆர்க்காட்டு நவாபும் தம்மிடம் இருந்த விலங்குகளை வழங்கினார். இவ்வாறு 1855ஆம் ஆண்டில் தொடங்கிய காட்சிச்சாலை, 1863ஆம் ஆண்டில் மக்கள் பூங்காவிற்கு மாறியது. சென்னை மக்கள் இவ்விரண்டு இடங்களுக்கும் தாமே பெயரிட்டுக் கொண்டனர். அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. விலங்குகள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. இலக்கணத்தார் இப்பெயர்களை ஒப்பார் எனினும், பொருளைக் கூறுவதில் இவற்றினும் சிறந்த பெயர்களைக் காண்டல் அரிது.

உயிர் காலேஜில் புலியும் சிங்கமும் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னே சிறு கூண்டுகளில் இருந்தன. நகரம் நெருக்கமுற்றதும் அவற்றுக்கு வேறிடம் தேடப்பட்டது. வண்டலூர்க் காப்புக்காட்டில் 1979ஆம் ஆண்டில் பணி தொடங்கி, 1985ஆம் ஆண்டில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. அதன் பரப்பு இன்று ஏறத்தாழ 600 எக்டேர் ஆகும். இங்கே பெருவிலங்குகளுக்கும் மக்களுக்கும் இடையே கம்பிகளுக்கு மாறாக அகழிகள் அமைந்தன. விலங்கின் பாய்ச்சல் எவ்வளவு தொலைவு என்பதை அளந்தறிந்து, அதனினும் அகலமாக அகழி வெட்டிக் கம்பியை நீக்கும் இம்முறையை, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1907ஆம் ஆண்டில் தாம் திறந்த பூங்காவில் கையாண்டு உலகிற்குக் காட்டியவர் கார்ல் ஹாகன்பெக் என்பவர். வள்ளூர் மாணவர் இன்று சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பார்க் நிலையத்தில் மற்றொரு ரயில் ஏறித் தாம்பரம் கடந்து வண்டலூர் சேர வேண்டும். ‘பார்க்’ என்னும் அந்நிலையத்தின் பெயரில்தான் பழைய மக்கள் பூங்காவின் நினைவு எஞ்சி நிற்கின்றது.

கம்பி நீங்கியதால் படமெடுப்போர்க்கு வாய்ப்புப் பெருகியது. கம்பியற்ற புலியைப் பசும்புல்லின் நடுவே படமெடுத்தல் இயல்வதாயிற்று. அத்துடன் புதிய மயக்கமும் ஒன்று தோன்றியது. படத்தைக் காண்போர், ‘இது காட்டில் எடுத்ததோ?’ என்று ஐயுறலாயினர்; எடுத்தவருள் சிலரும், ‘ஆம்’ என்று சொல்லத் தலைப்பட்டனர்.

இனி, வாயைப் பிளந்த புலியின் படத்திற்கு வருவோம். ‘சீறும் புலி’ என்று பெயர் சூட்டி வீடுகளில் மாட்டப்பட்டுள்ள படங்களுள் பல கொட்டாவி விடும் புலியின் படங்களே ஆகும். புலி துயில் நீங்கி எழும்போது நீண்ட கொட்டாவி விடும். அப்பொழுது நாக்கு வெளியே நீளும். கண்கள் சுருங்கி மூடும். பற்கள் யாவும் தோன்றும். அந்நொடியில் எடுத்த படத்தைக் காண்பவர், ‘என்ன சீற்றம்!’ என்று அஞ்சுவர். புலியின் உள்ளத்தில் அப்பொழுது சோம்பலைத் தவிர வேறொன்றும் இருந்திராது. மற்றொரு முகமும் உண்டு. வேறொரு புலி விட்டுச் சென்ற மணத்தை முகர்ந்தவுடன், புலி மேலுதட்டைச் சுருக்கி, மூக்கை மடித்து, வாயைப் பாதி திறந்தவாறு சிறிது நேரம் அசையாமல் நிற்கும். அதன் மேலண்ணத்தில் மணத்தை ஆராயும் உறுப்பு ஒன்று உண்டு. மணத்தை அவ்வுறுப்பிற்குச் செலுத்தவே முகம் அவ்வாறு கோணுகின்றது. இதனையும் அறியாதார் சினம் என்பர்.

முதலையின் செய்தியும் இத்தகையதே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1976ஆம் ஆண்டில் ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் தோற்றுவித்த முதலைப் பண்ணைக்குச் செல்வோர், கரையில் வாயைத் திறந்தபடி கற்சிலை போல் கிடக்கும் முதலைகளைக் காண்பர். அவை எவரையும் விழுங்கக் காத்திருப்பதில்லை. வெயிலில் உடல் மிகச் சூடேறாதவாறு, குறிப்பாகத் தலை சூடேறாதவாறு, திறந்த வாயின் வழியே வெப்பத்தைப் போக்கிக் கொள்கின்றன. முதலை நீரில் முழுகி, கண்ணும் மூக்கும் மட்டும் மேலே தோன்ற, வாயை மூடிக்கொண்டு கிடக்கும் வேளையே அஞ்சுதற்குரியது. அவ்வேளையில் அதனைப் படமெடுக்க எவரும் விரும்புவதில்லை. நீர்மேல் மிதக்கும் மரக்கட்டை போன்ற ஒன்றே தெரியும்!

ஆனால் நீர்யானையின் செய்தி இதற்கு முற்றும் மாறுபட்டது. அது வாயை அகலப் பிளப்பதைக் கண்டு குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பர். தூக்கம் வருகிறது போலும் என்பர். உண்மையில் அதுவே நீர்யானையின் அச்சுறுத்தல். தன் கோரைப் பற்களைக் காட்டி, ‘அணுகாதே’ என்று அது கூறும் முறை அது. சீற்றத்தைக் கொட்டாவி என்றும், கொட்டாவியைச் சீற்றம் என்றும் மாற்றி உணரும் மயக்கம் இவ்வாறு நேர்கின்றது.

புலியின் உண்மையான சினத்தை அறிய வாயை நோக்குதல் போதாது. செவிகளை நோக்க வேண்டும். புலியின் செவிகளின் புறத்தே வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்று உண்டு. சினந்த புலி செவிகளைத் திருப்பித் தாழ்த்தும். அப்பொழுது முன்னிருந்து காண்பவர் கண்ணுக்கும் அவ்வெள்ளைப் புள்ளிகள் புலப்படும். வாலும் அமைதியின்றி இப்புறமும் அப்புறமும் அடித்துக்கொள்ளும். இவ்வடையாளங்களை அறிந்த மாணவர் ஒருவர், புகழ்பெற்ற படங்கள் பலவற்றின் தலைப்புகளைத் தாமே திருத்தி எழுதுதல் கூடும்.

இவை யாவற்றினும் துயரமான மயக்கம் ஒன்று உண்டு. கூண்டில் அடைபட்ட விலங்கு சிலவேளை ஒரே வழியில் இங்கும் அங்குமாக ஓயாது நடக்கும். அதே மூலையில் திரும்பும். அதே இடத்தில் அடி வைக்கும். மணிக்கணக்காக அவ்வாறே செய்யும். கூட்டத்தார் அதனைக் கண்டு, ‘இரை தேடி உலவுகின்றது’ என்று மகிழ்ந்து படமெடுப்பர். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தோர் அவ்வாறு கூறார். செய்வதற்கு ஒன்றுமின்றி, இடமும் போதாமல், மனம் சோர்ந்த விலங்கின் நடை அது. அதனை உணர்ந்தே உயிரியல் பூங்காக்கள் அடைப்பிடங்களை அகலமாக்கியும், மரமும் குளமும் அமைத்தும், உணவை ஒளித்து வைத்துத் தேடச் செய்தும் விலங்கின் நாளை நிறைவிக்க முயல்கின்றன. நடக்கும் விலங்கின் படத்திற்கு ‘வேட்டைக்குப் புறப்படும் வேங்கை’ என்று பெயர் வைப்பவர், அதன் துன்பத்தை அதன் வீரமாக மாற்றி எழுதி விடுகின்றார். அறியாமல் செய்வதாயினும் அஃது ஒரு கொடுமையே.

‘கூண்டு விலங்கைப் படமெடுத்தலே வீண், காட்டு விலங்கின் படமே படம்’ என்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை இருக்கின்றது. ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், புலியைத் துப்பாக்கியால் சுட்டு அதன்மீது காலை வைத்துப் படமெடுத்துக் கொள்வதே பெருமை எனக் கருதப்பட்ட காலத்தில், உயிருள்ள புலியை அதன் காட்டிலேயே படமெடுக்க முனைந்தார். புலி இரவில் நடந்து செல்லும் வழியில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி வைப்பார். புலியின் கால் அதில் பட்டவுடன் ஒளி பளிச்சிடும், படம் பதிவாகும். புலி தன் விருப்பப்படி வந்து, தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு சென்றது என்று கூறினும் பொருந்தும். 1927ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், புலிநாட்டில் படக்கருவியுடன் திரிந்ததைக் கூறுவது. பின்னாளில் ஜிம் கார்பெட் போன்ற வேட்டைக்காரரும் துப்பாக்கியை விட்டுப் படக்கருவியை விரும்புதற்குச் சாம்பியனின் படங்கள் தூண்டுகோலாயின.

தமிழ்நாட்டில் இத்துறையில் தலைசிறந்து விளங்கியவர் மா. கிருஷ்ணன் ஆவார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912ஆம் ஆண்டில் தோன்றி, 1996ஆம் ஆண்டில் மறைந்தவர். முதுமலைக் காட்டில் யானைகளைக் கால்நடையாகவே பின்தொடர்ந்து படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்று சேர்த்துத் தாமே அமைத்துக் கொண்ட படக்கருவி அவருடையது. வண்ணப்படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் பெரிதும் விரும்பினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி வாழ்நாளின் இறுதிவரை இயற்கையைப் பற்றி அவர் இடைவிடாது எழுதி வந்தார். அவருக்கு 1970ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருக்குப் படம் என்பது விலங்கின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு குறிப்பே ஆகும். அக்குறிப்பில் பிழை இருத்தலாகாது என்பதே அவர் கொண்ட நெறி.

எனினும் வள்ளூர் மாணவர்க்கு முதுமலை தொலைவிலுள்ளது. கொசத்தலையாற்றின் கழிமுகமும், பழவேற்காட்டு ஏரியில் வந்திறங்கும் பூநாரைக் கூட்டமும் அவர்க்கு அணித்தே உள்ளன; புலியும் சிங்கமும் அங்கில்லை. அத்தகையோர்க்கு உயிரியல் பூங்காவே காட்டின் வாயில். அங்கு எடுக்கும் படம் இழிந்தது என்று ஒதுக்குதல் ஏழை மாணவரின் கண்ணை மூடுவதை ஒக்கும். பூங்காவில் எடுத்த படத்தைப் பூங்காவில் எடுத்தது என்று எழுதிவிட்டால் அதில் குறையொன்றும் இல்லை. எழுதாமல் விடுவதே குற்றம். இலண்டன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ் வாய்ந்த போட்டியில், 2009ஆம் ஆண்டில், இரவில் ஒரு வேலியைத் தாவும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. கண்டோர் யாவரும் வியந்தனர். பின்னர், அந்த ஓநாய் விலங்குப் பூங்கா ஒன்றில் பழக்கப்பட்டது போலும் என்ற ஐயம் எழுந்தது. நடுவர்கள் ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பரிசைத் திரும்பப் பெற்றனர். எடுத்தவர் அக்குற்றச்சாட்டை மறுத்தார். படத்தின் அழகில் எவரும் குறை காணவில்லை என்பது நோக்கத்தக்கது. படம் கூறிய செய்தி உண்மையோ என்பதே வழக்காயிற்று.

படமெடுக்கும் வேட்கை எல்லை கடந்தால் நேரும் கேடு இன்னும் பெரிது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், தில்லி விலங்குக் காட்சிச்சாலையில் இளைஞர் ஒருவர் தடுப்பைக் கடந்து வெண்புலியின் அடைப்பிடத்துள் வீழ்ந்தார். விஜய் என்னும் அப்புலி அவரை உடனே தாக்கவில்லை. சில நிமிடங்கள் அவர் எதிரே நின்று உற்று நோக்கியது. இளைஞர் கைகூப்பி அமர்ந்திருந்தார். மேலே நின்ற கூட்டத்தார் அஞ்சிக் கூச்சலிட்டனர். புலியை விரட்டக் கருதிச் சிலர் கல்லெறிந்தனர் என்று கண்டோர் கூறினர். அதன்பின் புலி அவரைக் கவ்விச் சென்றது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அந்நிமிடங்கள் முழுவதையும் கூட்டத்திலிருந்த சிலர் கைப்பேசியில் பதிவு செய்தனர். அப்படக்காட்சியை நாடெங்கும் மக்கள் கண்டனர். அதைக் கண்டவர் பலர்க்கும் புலியின் முகத்தைவிட, கருவியை இறக்காமல் நின்ற கைகளே நெஞ்சில் தைத்தன.

விலங்குக் காட்சிச்சாலையில் எந்த விலங்கையும் சீண்டுவதும், துன்புறுத்துவதும், அதற்கு உணவளிப்பதும், ஒலியெழுப்பி அதன் அமைதியைக் கெடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. கைதட்டிப் புலியை எழுப்புவோர் தாம் சட்டத்தை மீறுவதாகக் கனவிலும் கருதார். விலங்குகளை அணுகாதிருத்தற்கு மற்றொரு காரணமும் அண்மையில் புலனாயிற்று. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மக்களை வாட்டிய கொரோனா நோய் வண்டலூர்ச் சிங்கங்களையும் பற்றியது. நீலா என்னும் பெண்சிங்கம் இறந்தது. சில நாட்களில் ஆண்சிங்கம் ஒன்றும் மாண்டது. காட்டின் அரசன் என்று போற்றப்படும் விலங்கு, ஊரெங்கும் பரவிய நோய்க்குமுன் ஆற்றலின்றி வீழ்ந்தது.

இனி, நல்ல படம் எடுக்க விரும்பும் மாணவர்க்குச் செயல்முறை பற்றிச் சில சொற்கள் கூறலாம். நண்பகலில் செல்லுதல் பயனற்றது. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்ந்து கிடக்கும் இயல்புடையது. புலியும் வெயிலில் அசைவதில்லை. பூங்கா திறந்தவுடன் செல்லுதலும், மாலையில் மூடும்வரை நிற்றலும் நன்று. செவ்வாய்க்கிழமை பூங்காவிற்கு விடுமுறை என்பதை மறவாது செல்ல வேண்டும். மறந்து சென்று மூடிய வாயிலைப் படமெடுத்துத் திரும்பியோர் பலராவர். சிறு விலங்குகளின் கூடுகளில் கம்பிவலை இருக்கும். படக்கருவியின் ஒளித்துளையை அகலத் திறந்து, வலைக்கு அப்பால் தொலைவிலுள்ள விலங்கின்மீது பார்வையைக் குவித்தால், வலையின் கம்பிகள் கரைந்து புகைபோல் மங்கிவிடும். விலங்கு வலையை ஒட்டி நின்றால் இம்முறை பயன்படாது; அது விலகும்வரை காத்திருத்தலே வழி. கண்ணாடிக்குப் பின்னுள்ள பாம்பைப் படமெடுக்கையில் எதிர்ப்புறத்து வெளிச்சம் கண்ணாடியில் விழாதவாறு கைக்குட்டையால் மறைத்துக் கொள்ளலாம். பளிச்சிடும் விளக்கை எவ்விடத்தும் பயன்படுத்தலாகாது. சாம்பியன் அதனைப் பயன்படுத்தவில்லையா என்று கேட்கலாம். அவர் காட்டுப்புலி வெளிச்சத்தை வெறுத்தால் வேறு வழியே போய்விடும். வண்டலூர்ப் புலிக்குப் போவதற்கு வேறு வழியில்லை.

ஒரே நாளில் எல்லா விலங்குகளையும் படமெடுத்துவிட வேண்டும் என்று ஓடுவோர்க்கு ஒன்றும் வாய்ப்பதில்லை. ஓர் அடைப்பிடத்தின் முன் இரண்டு மணி நேரம் நிற்பவர்க்கே விலங்கு தன் வாழ்வைக் காட்டத் தொடங்கும். புலி நீரில் இறங்கும் முறையைக் காணலாம். பெரும்பாலும் அது பின்பக்கமாகவே நீரில் அமர்ந்து இறங்கும். முகத்தில் நீர் படுவதை அது விரும்புவதில்லை. உரத்து முழங்காமல், மூக்கின் வழியே மென்மையாகப் புர்ரென்று ஒலித்து மற்றொரு புலியை வரவேற்பதைக் கேட்கலாம். இவற்றை எடுத்த படத்தின் கீழே நாளும், நேரமும், இடமும், விலங்கு செய்துகொண்டிருந்த செயலும் எழுதி வைத்தல் வேண்டும். ஓராண்டு அவ்வாறு எழுதிய ஏடு, பரிசு பெற்ற படம் ஒன்றினும் மதிப்புடையதாகும்.

அவ்வேட்டில் தொடங்குதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. மாந்தரின் கைரேகை ஒருவரைப் போல் ஒருவர்க்கு இராததுபோல, ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இருப்பதில்லை. இந்தியாவில் புலிகளைக் கணக்கிடுவோர் இதனையே பயன்படுத்துகின்றனர். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிப் படக்கருவிகள் வைக்கப்பட்டன. பதிவான புலிகளின் வரிகளை ஒப்பிட்டு, எது எப்புலி எனப் பிரித்தறிந்தனர். அவர்கள் காட்டில் செய்ததை மாணவர் வண்டலூரில் செய்யலாம். ஒரே அடைப்பிடத்தில் இரண்டு புலிகள் இருப்பின், விலாப்புறத்து வரிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை செல்லும்போது இது முன்னர்க் கண்ட புலியா, மற்றையதா என்று கண்டறியலாம். ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். புலியின் வலப்புறத்து வரிகளும் இடப்புறத்து வரிகளும் ஒன்றுபோல் இரா. ஆதலால் இருபுறமும் படமெடுத்தல் வேண்டும். ஒருபுறத்தை எடுத்தபின், நிழலில் படுத்த புலி மறுபுறம் புரண்டு படுப்பதற்கு மாலை நேரம் ஆனாலும் ஆகும்.